“ரொம்ப சாது” என்கிறார் கடைக்காரர்: இகுவானா வாங்கலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் பெற்றோருடன் சொந்த வீட்டில் வசிக்கும் 27 வயது மென்பொருள் பணியாளர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. பெரிய பல்லியினம் ஒன்றை வளர்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விற்பனையாளர் ஒருவர் இரண்டு பச்சை இகுவானாக்களைக் காட்டினார். ஒன்று முக்கால் அடிக் குட்டி. கையை நீட்டினாலே ஓடி ஒளிகிறது. மற்றொன்று மூன்றரை அடி நீளமும் இரண்டு வயதும் உடையது. தோளில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கிறது. “இது ரொம்ப சாது, பழக்கவே வேண்டாம்” என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படிப் பழக்குவது? என் மாமாவோ, இதற்குப் போய் இவ்வளவு செலவா, ஊரில் சொல்லி ஓர் உடும்புக் குட்டி பிடித்துத் தருகிறேன் என்கிறார். என் அக்காவும் அவருடைய மூன்று வயது மகளும் மாதம் ஒருமுறை வந்து சில நாள் தங்குவார்கள்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மாமாவின் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். உடும்பு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானையோடும் புலியோடும் சேர்த்து வைக்கப்பட்டுள்ள உயிரினம். அதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும், வாங்குவதும் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை பெற்றுத் தரக்கூடிய குற்றம். குட்டியாகத்தானே பிடித்தோம், வளர்க்கத்தானே பிடித்தோம் என்ற சமாதானங்கள் வனத்துறையிடம் எடுபட மாட்டா. மாமாவிடம் இதை இன்றே சொல்லிவிடுங்கள். பிடித்துக் கொண்டுவந்த பிறகு சொல்வது உங்கள் இருவருக்கும் சங்கடம்.

இகுவானா வெளிநாட்டு இனம். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆற்றோர மரங்களில் வாழ்வது. அதனால் சட்டம் இதைத் தொடாது என்று சில விற்பனையாளர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள். அது பழைய கதை. 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்பாட்டின் பட்டியல்களில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. பச்சை இகுவானா அந்த உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பதும், கைமாற்றுவதும், குஞ்சு பொரிப்பதும், இறப்பதும் மத்திய அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவாக வேண்டும். ஆகவே விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்பாக அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். “வாங்கிக்கொள்ளுங்கள், பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பதில் வந்தால், அந்த விலங்கு பெட்டியிலோ பையிலோ ஒளித்து விமானத்தில் கடத்திவரப்பட்டதாக இருக்கக்கூடும் என்று எண்ணித் திரும்பிவிடுவதே நல்லது.

இனி உங்கள் முதற்கேள்விக்கு வருகிறேன். இரண்டாண்டு இகுவானா அசையாமல் இருப்பதைக் கடைக்காரர் சாது என்கிறார். நான் அதை முதலில் ஓர் அறிகுறியாகத்தான் பார்ப்பேன். ஊர்வனவற்றின் உடல், வெளியிலிருந்து கிடைக்கும் சூட்டைக் கொண்டு இயங்குவது. குளிரூட்டப்பட்ட கடையில், விளக்கில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுவதும் கிடக்கும் இகுவானாவுக்கு ஓடுவதற்கான சூடே உடலில் இருக்காது. சூடு இருந்தும் ஓடாத இகுவானா பெரும்பாலும் நோயுற்றது. நீங்கள் குறிப்பிட்ட கண் மூடலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: பழகாத ஒருவர் கையில் இருக்கும்போது இகுவானா கண்ணை மூடுவது சுகத்தால் அன்று, தப்பிக்க வழியில்லாதபோது எதிரே இருப்பதைப் பார்க்காமல் இருந்துவிடும் முயற்சி அது. நன்கு பழகிய விலங்கும் கழுத்தடியைத் தடவும்போது கண்ணை மூடும் என்பது உண்மைதான். ஆனால் அது தானாக உங்களிடம் ஏறிவந்த விலங்காக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு குடும்பத்தார் இதே அளவுள்ள ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். நகம் வெட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் வந்த காரணம். “கடித்ததே இல்லை டாக்டர், அவ்வளவு சாது” என்று பெருமையாகச் சொன்னார் வீட்டுத் தலைவர். மேசையில் விட்டேன், நெஞ்சையும் வயிற்றையும் தரையிலிருந்து தூக்காமல் இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றுவிட்டது. பின்தொடைகள் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. நன்றாகத் தின்று கொழுத்திருக்கிறது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்தினேன். ரப்பர் போல உள்வாங்கியது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் விளிம்பே சரியாகத் தெரியவில்லை. ஓரிடத்தில் முறிந்து தானாகக் கோணலாகக் கூடியிருந்தது. உணவில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைந்து, புற ஊதாக் கதிர் விளக்கும் இல்லாமல் வளர்க்கப்படும் இகுவானாக்களுக்கு வரும் எலும்பு மெலிவு நோய் இது. எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து வெளியேற, அந்த வலுவிழப்பை ஈடுகட்ட நார்த்திசு சுற்றிலும் தடித்துக்கொள்ளும். அதுதான் அந்தக் ‘கொழுத்த’ தொடை. அந்த விலங்கு யாரையும் கடிக்காமல் இருந்ததற்குக் காரணம், கடித்தால் அதற்குத் தாடை வலித்திருக்கும் என்பதே.

எனவே கடைக்கு முற்பகல் பதினொரு மணிக்கு மேல், விளக்கு இரண்டு மணி நேரமாவது எரிந்த பிறகு செல்லுங்கள். தரையில் விடச் சொல்லி நடையைக் கவனியுங்கள். உடலைத் தூக்கி, தலையை நிமிர்த்தி நடக்க வேண்டும். கீழ்த்தாடை இருபுறமும் சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். கால் விரல்களில் நடுக்கம் இருக்கக் கூடாது. விரல் நுனியோ வால் நுனியோ கறுத்து உலர்ந்திருந்தால் அது உள்நோக்கிப் பரவக்கூடியது. வால் தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் பல வாரங்களாகச் சரியாகத் தின்னவில்லை என்று பொருள். மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருப்பதைக் கண்டு சளி என்று பயந்துவிட வேண்டாம். இகுவானா உடலில் மிகுந்த உப்பைத் தும்மி வெளியேற்றும் விலங்கு, அந்த உப்புதான் அப்படிப் படிகிறது. கடைசியாக, உங்கள் கண்முன்னே ஒரு கீரைக் கொத்தை வைக்கச் சொல்லி, தின்கிறதா என்று பாருங்கள்.

கையைக் கண்டதும் ஓடி ஒளிகிற அந்த முக்கால் அடிக் குட்டி, எனக்குக் கிடைத்த விவரங்களை வைத்துப் பார்த்தால், சரியாக இருக்கிறது. பருந்தும் பாம்பும் தின்னக் காத்திருக்கும் காட்டில் ஒளியத் தெரியாத குட்டி ஒரு வாரம்கூடத் தாங்காது. மேலே சொன்ன சோதனைகளில் அது தேறினால் என் வாக்கு அதற்கே. எலும்பு வளரும் முதல் இரண்டு ஆண்டுகள் உங்கள் கையில் இருக்கும் என்பது பெரிய அனுகூலம். பெரியதன்மேல்தான் மனம் நிற்கிறது என்றால், பணம் கொடுப்பதற்கு முன் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரைக் கேளுங்கள். தென் அமெரிக்கப் பெரும்பல்லியான டெகு, ஆப்பிரிக்க இனமான சவன்னா உடும்பு போன்றவற்றையும் சிலர் உங்களிடம் காட்டக்கூடும். டெகு நன்றாகப் பழகக்கூடியதுதான். ஆனால் இறைச்சியும் முட்டையும் கேட்கும் விலங்கு. சவன்னா உடும்புக்கோ நிலத்தை ஆழமாகத் தோண்ட இடம் வேண்டும். முதன்முறை வளர்ப்பவருக்கு அவை இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் வீட்டில் அளவு நாடாவை எடுத்து ஒரு சுவரை அளந்து பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் இந்தக் குட்டி மூன்று நான்கு ஆண்டுகளில் ஐந்தடியைத் தொடும். ஆணாக இருந்தால் ஆறடிக்கும் வரலாம், அதில் பெரும்பகுதி வால். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். உங்களுக்கு 45 வயதாகும்போதும் அது இருக்கும். வளர்ந்த இகுவானாவுக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரமுள்ள கூண்டு குறைந்தபட்சத் தேவை. மரவிலங்கு என்பதால் நீளத்தைவிட உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. மீன் தொட்டியில் ஆறு மாதம் வைத்திருந்து பிறகு பார்க்கலாம் என்று தொடங்கியவர்கள்தான், பின்னர் ஊர்க்கோடிக் குளக்கரையில் கொண்டுபோய் விடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்படி விடப்பட்டவையும் தப்பியவையும் கால்வாய்க் கரைகளைத் துளைத்துப் பெருகி, 2021இல் அம்மாநிலம் பச்சை இகுவானாவையும் டெகுவையும் தடைப் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்தது. நொய்யலுக்கு அந்த வரலாறு வேண்டாம்.

கூண்டுக்குள் இரண்டு விளக்குகள் வேண்டும், இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்று சூட்டுக்கு: அது குளிர்காயும் கிளையின் மேற்பரப்பில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், கூண்டின் மறுமுனை 27, 28 டிகிரியில் இருந்தால் போதும். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் பெருங்குடலில் வாழ்கின்றன. உடல் சூடாகாவிட்டால் அவை வேலை செய்யா, தின்றது வயிற்றிலேயே கிடக்கும். மற்றொன்று புற ஊதாக் கதிரின் ‘பி’ வகையைத் தரும் விளக்கு. அந்தக் கதிர் தோலில் படும்போதுதான் விட்டமின் டி உருவாகி, தின்ற கால்சியம் உடலில் சேரும். சன்னல் கண்ணாடி வழியாக வெயில் விழுகிறதே என்று பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கும் ஓராண்டுக்குள் கதிர் வலுவை இழந்துவிடும். வெளிச்சம் குறையாததால் நமக்குத் தெரியாது. மாற்றிய தேதியை விளக்கின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். உங்கள் ஊரில் இதைவிட மலிவான மருந்து காலை வெயில்: வாரத்தில் சில நாள், பாதி நிழலுள்ள கம்பிவலைக் கூண்டில், நீங்கள் அருகில் இருக்க, அரைமணி நேரம். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும்; இதை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க விரும்பவில்லை. மார்கழி, தை இரவுகளில் கோவையில் வெப்பம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பதால், வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றும், அதன் சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட்டும் தேவைப்படும். ‘ஹாட் ராக்’ என்று விற்கும் சூட்டுக் கல்லை வாங்க வேண்டாம். வயிற்றுத் தோல் வெந்த பிறகும் அதன்மீதே படுத்திருக்கும் விலங்கு இது.

உணவு விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பது அதிர்ஷ்டம். இகுவானா முழுத் தாவர உண்ணி. முட்டை, கோழி, நாய்த் தீவனம் எதுவும் கூடாது. புரதம் மிகுந்தால் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். அதற்கு உகந்தது பாஸ்பரசைப் போல இரு மடங்காவது கால்சியம் உள்ள இலை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதற்காகக் கடை கடையாகத் தேடுகிறார்கள். இங்கே 100 கிராம் அகத்திக்கீரையில் ஏறத்தாழ 1,130 மில்லிகிராமும், முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராமும் கால்சியம் இருக்கிறது. இவ்விரண்டோடு செம்பருத்தி இலை, மல்பெரி இலை, துருவிய பூசணி, அவரைப்பிஞ்சு ஆகியவற்றைக் கலந்து கொடுங்கள். பழம் தட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பசலையும் தண்டுக்கீரையும் ஆக்சலேட் நிறைந்தவை. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் அவை அன்றாட உணவாக வேண்டாம். கீரையைக் கழுவி, நீர்த்துளி ஒட்டிக்கொண்டிருக்கக் கொடுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவந்தால், நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே எடையில் தெரிந்துவிடும்.

இப்போது பழக்குவது. இகுவானா நாயைப் போல நம்மைத் தேடும் விலங்கு அன்று. நம்மைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும், நாம் வந்தால் உணவும் உயரமான இடமும் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மறைத்து, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள்களில் உங்கள் நாற்காலியைத் திறந்த பக்கத்துக்கு எதிரே நான்கைந்தடி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசுங்கள், மடிக்கணினியைத் தட்டுங்கள், அதைப் பார்க்காதீர்கள். நீங்கள் அணிந்து கழற்றிய பழைய பனியனைக் கூண்டின் ஓரத்தில் போட்டுவைப்பதும் உதவும். உங்கள் முன்னிலையில் அது தின்னத் தொடங்கும் நாளே முதற்படி.

அடுத்து, செம்பருத்திப் பூ. சிவப்புப் பூவைக் காம்போடு பிடித்து, எட்டிப் பறிக்கும் தூரத்தில் நீட்டி, கையை அசைக்காமல் வைத்திருங்கள். பூவைப் பறித்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும். சில நாளில் பூவை உள்ளங்கையில் வைத்துக் கையைக் கிளையோடு சேர்த்து வைத்தால், முன்னங்கால் ஒன்று உங்கள் விரல்மீது வரும். கையைக் கொண்டுபோகும் திசை மிக முக்கியம். இகுவானாவின் உச்சந்தலையில், இரு கண்களுக்கும் பின்னே, வெளிறிய ஒரு சிறு செதில் இருப்பதைப் பார்ப்பீர்கள். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, ஒளியும் நிழலும் தெரியும். மேலிருந்து ஒரு நிழல் விழுந்தால் அதன் உடலுக்கு அது பருந்து. மேலிருந்து கைவிட்டு எடுக்கும் கூண்டுகளில் வளர்ந்தவை பழகாமல் போவதற்குக் காரணம் இதுவே. பக்கவாட்டில் திறக்கும் கூண்டாக வாங்கி, கையை அதன் கண் மட்டத்துக்குக் கீழிருந்து, அது பார்க்கும்படி, மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். முதலில் தோள்பட்டையையும் விலாவையும் தொடுங்கள், தலையைக் கடைசியில்.

அது சொல்வதைப் படிக்கத் தெரிய வேண்டும். தொண்டைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்கி உயரமாகக் காட்டி, வாலை வில்போல வளைக்கிறது என்றால் அடுத்தது சாட்டையடி. அந்த இடத்தில் கையை நிறுத்துங்கள், முன்னே போகாதீர்கள். அதையும் மீறி அடித்துவிட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டாம். அடித்தால் கை விலகிவிடும் என்ற பாடத்தை அது ஒரே முறையில் கற்றுக்கொள்ளும். வலிக்கும்தான், முழுக்கைச் சட்டை அணிந்திருங்கள். கை அசையாமல் இருந்து, அது உடலைத் தளர்த்திய பிறகு, நீங்களாக மெதுவாக விலகுங்கள். நிதானமான தலையசைப்பு ‘இது என் இடம்’ என்பதற்கு; படபடவென்று வேகமாக ஆட்டினால் எச்சரிக்கை. நாக்கால் உங்கள் கையைத் தொட்டு முகர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

தூக்கும்போது வயிற்றுக்கடியில் முன்கையைக் கொடுத்து நான்கு காலும் ஊன்றும்படி எடுங்கள். வாலைப் பிடிக்கவே கூடாது. இளம் விலங்கு வாலை உதறிவிட்டு ஓடும், மறுபடி வளர்வது கறுத்து, குட்டையாக, அழகற்று இருக்கும். கிளையையோ உங்கள் சட்டையையோ பற்றியிருந்தால் இழுக்காமல் நகங்களை ஒவ்வொன்றாக விடுவியுங்கள்; உடும்புப் பிடி என்று நாம் சொல்வது இதற்கும் பொருந்தும், இழுத்தால் விரல் முறியும். பிறகு, ஒரு சிறிய அறையின் கதவையும் சன்னலையும் அடைத்து, நீங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டு அதை வெளியே விடுங்கள். குளியலறையானால் கழிப்பறை மூடியை மறக்க வேண்டாம். அந்த அறையில் உயரமான பொருள் நீங்கள் மட்டுமே என்றால், ஏறும் இயல்புள்ள விலங்கு ஒருநாள் உங்கள் முழங்காலில் ஏறும், பின்னர் தோளுக்கு வரும். நாளுக்கு இருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். இவ்வளவுக்கும் ஆறு மாதம் முதல் ஓராண்டு பிடிக்கும். நடுவே இரண்டு வாரம் வெளியூர் போய்வந்தால் சில படிகள் கீழே இறங்கித் தொடங்க வேண்டியிருக்கும். தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் உலவுவது மட்டும் வேண்டாம். ஒரு நாய் குரைத்தால் அது உங்கள் கழுத்தைக் கீறிக்கொண்டுதான் மரத்துக்குத் தாவும்.

ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் இனப்பெருக்கப் பருவம் வரும். ஆணின் உடலில் ஆரஞ்சு நிறம் ஏறும். பழகிய விலங்கே உங்களைப் போட்டியாளனாக நினைத்துப் பாயும். பல் இரம்பம் போன்றது, தையல் போடும் அளவுக்குக் கடி ஆழமாகும். அந்தச் சில வாரங்களில் தூக்காமல் விட்டுவிடுங்கள். கெட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலேயே இருபது, முப்பது முட்டைகள் கட்டும். ஈரமண் நிரப்பிய பெட்டி இல்லாவிட்டால் முட்டை வெளியேறாமல் உயிருக்கே ஆபத்தாகும். உண்ணாமல் மண்ணைத் தோண்டுவதுபோல் கூண்டைப் பிறாண்டினால் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குட்டியில் ஆணா பெண்ணா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் உறுதியாகச் சொன்னால் அவருடைய மற்ற உறுதிகளையும் அந்தக் கணக்கிலேயே வையுங்கள்.

உங்கள் அக்கா மகளைப் பற்றி. நோயின் சுவடே இல்லாத இகுவானாவின் குடலிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. குழந்தை நிரந்தரமாக உங்களோடு வசித்திருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு பொறுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். மாதத்தில் சில நாள் என்பதால், கட்டுப்பாடு இருந்தால் சமாளிக்கலாம்: கூண்டு பூட்டக்கூடிய அறையில் இருக்க வேண்டும், அதன் தட்டையும் குளிப்பாட்டும் தொட்டியையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, அதைத் தொட்ட பின் சோப்பால் கைகழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது, அந்த நாள்களில் அதை வீட்டுக்குள் உலவ விடக் கூடாது. பெற்றோரின் சம்மதத்தையும் இந்த நிபந்தனைகளைச் சொல்லிய பிறகே கேளுங்கள். குழந்தை ஆசைப்பட்டால், தோட்டத்தில் செம்பருத்திப் பூவைப் பறிக்கும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டு, தட்டில் வைக்கும் வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; அது தின்பதை அவள் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.